மாஸ்டர் புதன்கிழமைகளில் எங்கே போனார்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். எதிர்முனையில் பேச்சில்லை. பின்னால் ஒரு லாரி போகும் ஓசை மட்டும் கேட்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் "ஹலோ, யாரு?" என்று கத்தியிருப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்படி மௌனமாக ஆரம்பிக்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். காத்திருந்தேன். குரல் வந்தது.

"மேடம், செல்வம் பேசுறேன். மாஸ்டர் பூட்டாரு."

காலைக் காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம். "வர்றீங்களா மேடம்?" என்று கேட்டார் செல்வம். வருகிறேன் என்று சொன்னேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இன்னாசி மாஸ்டரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று அவர் மகள் கேட்டாள். ராயபுரத்தில் பாதிப் பேர் அவருடைய பேண்டு செட்டுக்குப் பின்னால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடந்தவர்கள்தான். தங்க நிறக் கயிறு தொங்கும் வெள்ளைச் சட்டை, வயிற்றுக்கு முன்னால் பெரிய டிரம், எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும் கழுத்து. உங்களுக்குத் தெரிந்த மாஸ்டர் அவர். ஆனால் எட்டு வருடம் புதன்கிழமை மதியங்களில் அவர் எங்கே போய்வந்தார் என்பது வீட்டில்கூட முழுசாகத் தெரியாது என்று மகள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆஸ்பத்திரில வாசிக்கப் போறேன்னு சொல்வாரு ஆன்ட்டி. பேஷன்டுங்களுக்குப் பாட்டு புடிக்கும்போலன்னு உட்டுட்டோம்" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தேன். அங்கே ஒரு வார்டுக்குப் போலீஸ் காவல் உண்டு. நாங்கள் அதைக் கோர்ட் வார்டு என்போம். மனச்சிதைவு நோய் முற்றிய நேரத்தில் ஏதோ ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். குணமானால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால்தான் தண்டனையோ விடுதலையோ கிடைக்கும். நடக்காவிட்டால் இரும்புக் கதவுக்குப் பின்னாலேயே வருடங்கள் போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. இந்த நோயுள்ளவர்களைக் குழுவாக உட்காரவைத்து இசையில் ஈடுபடுத்தினால் பேச்சும் பழக்கமும் மெல்லத் திரும்புகின்றன என்று எங்கோ படித்திருந்தார். வீணைக் கேசட் ஒன்றும் டேப் ரெக்கார்டரும் வாங்கித் தந்தார். வாரம் ஒருநாள் போட்டேன். மூன்று பேர் தூங்கினார்கள். ஒருவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இன்னொருவர் பெட்டிக்குள் இருப்பவன் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறான் என்று அழுதார். ஒரு மாதத்தில் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அப்புறம் ஒருநாள் மதியம், மருத்துவமனை மதிலுக்கு வெளியே ஒரு சவ ஊர்வலம் போனது. பேண்டு சத்தம் கேட்டதும் கோர்ட் வார்டில் ஏழெட்டுப் பேர் கம்பிக் கதவுக்கு வந்துவிட்டார்கள். மருந்தின் இறுக்கத்தில் கையைக்கூட அசைக்காமல் கிடக்கிறவர்கள் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செல்வமும் ஒருவர். மற்றவர்கள் டிரம்மோடு சேர்ந்து தட்டினார்கள். இவர் விரல் மட்டும் தாமதமாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு தாமதம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி அந்த ஊர்வலத்தின் பின்னாலேயே போனேன். புதைத்து முடித்தபின், கல்லறை வாசலில் டிரம்மை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கேசட்டு போட்டீங்களா?" என்று சிரித்தார். "எங்கேர்ந்து வருதுன்னே தெரியாத சத்தம் அவங்களுக்கு ஏற்கெனவே நெறயக் கீது மேடம். நீங்க வேற ஒண்ணு எக்ஸ்ட்ரா குடுத்துக்கினு இருந்தீங்க."

படித்துப் பட்டம் வாங்கிய எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அடிக்கிற கை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் விதி. அடுத்த புதன்கிழமை வந்துவிட்டார்.

உள்ளே இரும்பு கூடாது, கம்பி கூடாது, குச்சி கூடாது. காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் ஏகாம்பரம் மாஸ்டரின் டிரம் குச்சியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இன்னாத்துக்கு மாஸ்டர் இந்தப் பேஜாரு? இதுங்க எல்லாம் திருந்துற கேஸா?" என்று எங்கள் காதுபடவே கேட்டார். திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கடையில் கேட்டு வாங்கிய ஏழு காலி பிளாஸ்டிக் பக்கெட்டுகளை மாஸ்டர் கவிழ்த்து வட்டமாக வைத்தார். எட்டாவதை ஏகாம்பரத்தின் காலடியில் வைத்தார். அவர் அதன்மேல் தொப்பியை வைத்தார்.

அன்றைக்கு என்னிடம் மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "யார் இன்னா பண்ணாங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க மேடம். தெரிஞ்சா என் கை வேற மாதிரி அடிக்கும்." நான் ஒப்புக்கொண்டேன். அது சரியான முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன்.

குற்றத்தைக் கேட்காத மனிதர் மற்ற எல்லாவற்றையும் கேட்டார். காதில் குரல்கள் கேட்கின்றன என்று யாராவது சொன்னால் நாங்கள் அதைக் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். மாஸ்டர் அங்கேயே நின்றுவிடுவார். "ஆம்பளக் கொரலா, பொம்பளக் கொரலா? ஒருத்தனா, செட்டா வர்றாங்களா? சுருதில நிக்கிறாங்களா? தாளம் கீதா?" டாக்டர் கவலைப்பட்டார். குரல்களைப் பற்றி இப்படி விசாரித்தால் அவற்றுக்குத் தீனி போட்டதாகிவிடும் என்றார். ஆனால் கேட்கப்பட்டவர்கள் யோசித்துப் பதில் சொன்னார்கள். வருடக்கணக்கில் யாரும் அவர்களை இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. வியாசர்பாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக் கவனித்துவிட்டு, "தாளமே இல்ல மாஸ்டர். அதான் ரோதனை" என்றார். மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார், அவரும் சிரித்தார். வெளியே வந்தபின் மாஸ்டர் என்னிடம் நிஜமாகவே கேட்டார்: "அவங்களையும் செட்டுல சேத்துக்கினா இன்னா மேடம்? தாளம் கத்துக்கினா கொஞ்சம் அடங்குவாங்க இல்ல?"

மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கெட் தட்டிக் குணமாக்கினோம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மாத்திரையும் ஊசியும் அவற்றின் பாட்டுக்கு நடந்தன. மாஸ்டரும் அதில் கறாராக இருந்தார். மாத்திரை போடாதவருக்குப் பக்கெட் கிடையாது.

இப்போது அந்த "நாலு" விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டரோடு ஊர்வலத்தில் நடந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பேண்டு முன்னால் போகும், சவப்பெட்டி பின்னால் வரும். பெரிய டிரம் பேண்டின் கடைசி வரிசை, அதாவது பெட்டிக்கு மிக அருகில். தூக்குகிறவர்கள் தோள் மாற்ற நின்றால் பேண்டும் நின்றுவிடும். புதுத் தோள்கள் ஏறியதும் கிளாரினெட் ஒரு குரல் கொடுக்கும். உடனே டிரம் விழாது. நாலு அடியைச் சும்மா விட்டு, ஐந்தாவதில்தான் மாஸ்டர் எடுப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "புதுசா தூக்குனவனுக்குக் கனம் ஒக்காரணும் மேடம். அப்பத்தான் கால் எடுப்பான்" என்றார்.

வார்டிலும் அதையே செய்தார். ஒரு தட்டு தட்டுவார். எல்லோரும் வாய்க்குள் நாலு எண்ண வேண்டும். பிறகு முறை வந்தவர் தனக்குத் தோன்றியதைத் தட்டலாம். "நாலு உட்டு எடு நைனா" என்பது புதன்கிழமைகளின் மந்திரமாகிவிட்டது. பெரும்பாலோர் அவசரப்பட்டு இரண்டிலோ மூன்றிலோ விழுந்தார்கள். செல்வம் மட்டும் ஒருநாளும் பிசகவில்லை. சரியாக ஐந்தாவதில் விழுந்தார்.

செல்வம் என்பது அவருடைய நிஜப் பெயர் அல்ல. எழுதப்போகிறேன், என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். "செல்வம்னு போடுங்க, எங்க மாமா பேரு" என்றார். சடையங்குப்பத்துக்காரர், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நோய் தலைக்கேறியிருந்த ஒரு மாலையில், எதிரே நிற்பது தன் அம்மா இல்லை, அம்மா வேஷத்தில் வந்திருக்கும் வேறு யாரோ என்று நம்பினார். அம்மா அன்றைக்கே அவர் கையால் இறந்துபோனார். இதை மறைக்காமல் எழுதச் சொன்னதும் செல்வம்தான்.

ஆறு வருடமாக அவர் வார்டில் இருந்தார். இரண்டு முறை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனோம். இரண்டு முறையும் பெயரைக் கேட்டார்கள், வாயைத் திறக்காமல் நின்றார், திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அடுத்த வருடம் வரவிருந்தது. அதிலும் வாய் திறக்காவிட்டால் அவருடைய வழக்குக் கட்டை யாரும் மறுபடி தூசி தட்டி எடுக்கப்போவதில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். என் குறிப்புகளிலும் ஒவ்வொரு மாதமும் அதேதான் இருந்தது: பதில் இல்லை.

ஒரு புதன்கிழமை மாஸ்டர் என்னைக் கேட்டார். "நீங்க ஒரு கேள்வி கேட்டா, அப்பால எத்தினி எண்ணுவீங்க மேடம்?"

"எண்ணுறதா? எதுக்கு?"

"சும்மா இப்பக் கேளுங்களேன்."

செல்வத்தைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்றேன். ஓர் அடி, இரண்டு அடி. என் வாய் தானாகத் திறந்தது. மாஸ்டர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். மூன்று, நாலு. அதுவும் ஊர்வல நடையின் நாலு, நம் பேச்சு வேகத்தின் நாலு அல்ல.

"சாப்டேன். உப்புமா" என்றார் செல்வம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். சந்தோஷம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் மிகச் சாதாரணமாக, "அவரு பேசுவாரே மேடம், லேட்டா" என்றார். வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களிடம் நான் விசாரிக்கவே இல்லை. பிற்பாடு செல்வமே அதை எனக்கு விளக்கினார். "ஒரு கேள்வி வந்தா உள்ள கீறவங்கதான் மேடம் மொதல்ல பேசுவாங்க. அவங்க முடிச்சப்புறம்தான் என் டர்ன். அதுக்குள்ள நீங்க மறுபடி கேட்டுடுவீங்க. அவங்க மறுபடி மொதல்லேர்ந்து ஆரமிப்பாங்க." ஆறு வருடம் நான் அவரைக் கேள்வி கேட்டே வாயை அடைத்திருக்கிறேன். நீதிமன்றத்திலும் நடந்தது அதுதான். பதில் வராததால் குரலை உயர்த்தி இரண்டு முறை, மூன்று முறை கேட்டார்கள். அன்று மாலை பழைய கோப்புகளை எடுத்து, "பதில் இல்லை" என்ற என் சொந்தக் கையெழுத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மிகவும் வெட்கப்பட்டேன்.

மாஸ்டரின் தவறும் ஒன்று உண்டு. அவர் இருந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லியிருப்பார். குழு கொஞ்சம் தேறியதும் ஊர்வலத்துக்கு வாசிக்கும் மெதுவான மார்ச்சை வாயால் பாடி, எல்லோரையும் தட்டவைத்தார். நடை மெதுவானது, மருந்தில் இறுகிய கைகளுக்கு ஏற்றது, அதனால்தான். ஐந்து மாதம் ஒவ்வொரு புதன்கிழமையும் அதில்தான் ஆரம்பித்தார்கள். ஒருநாள் பாதியில் செல்வம் கையை எடுத்துவிட்டார். மாஸ்டர் பாட்டை நிறுத்திக் காத்திருந்தார்.

"மாஸ்டர், ஆறு வருசம் முன்ன சடையங்குப்பத்துல எங்கம்மா சாவுக்கு வந்து வாசிச்சது உங்க செட்டா?"

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். வெளியே டீக்கடையில் வைத்து, முதல்முறையாக ஒருவருடைய வழக்கை அவருக்குச் சொன்னேன். டீ ஆறிப்போனது. "அஞ்சு மாசமா நான் அந்தப் புள்ளய ஒக்கார வெச்சி சாவு அடி அடிக்கச் சொல்லிக்கினு இருந்தேனே மேடம்" என்றார். "கேஸ் சொல்லாதீங்கன்னு பெரிய இவனாட்டம் சொன்னேன் பாருங்க." அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். ஏகாம்பரம்கூட இரண்டு முறை வாசலை எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் வந்தார். அந்த இரண்டு புதன்கிழமையும் அவர் சடையங்குப்பத்துக்குப் போயிருக்கிறார். செல்வத்துக்கு ஓர் அக்கா, தேவகி. அவர் பெயர் கோப்பில் இருந்தது, ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. நான் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. மாஸ்டர் வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். முதல் வாரம் தம்பி பெயரைச் சொன்னதுமே தேவகி கதவைச் சாத்திவிட்டார். இரண்டாவது வாரம் மாஸ்டர் தம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. "நான் பேண்டு செட்டுக்காரன்மா. உங்கம்மா சாவுக்கு எந்த செட்டு வந்துச்சு? அத்த மட்டும் தெரிஞ்சிக்கினு பூடறேன்" என்றிருக்கிறார்.

"இத்த யாரு கேக்குறா?" என்றாராம் தேவகி.

"உன் தம்பிதாம்மா."

"அவனே கேட்டானா?"

ஆமாம் என்றதும் உள்ளே வந்து உட்காரச் சொன்னாராம்.

கேட்டுவந்ததை மாஸ்டர் செல்வத்திடம் நேராகச் சொல்லிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கலந்துகொள்ளவில்லை. "இல்ல நைனா. எங்க செட்டு வர்ல. எந்த செட்டும் வர்ல. பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து வேன்ல வந்துச்சாம், போலீசு அவசரப்படுத்துனாங்களாம், அரை மணில முடிஞ்சிச்சாம். அக்கம் பக்கம் யாரும் வூட்ட வுட்டு வெளிய வர்லயாம்." எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவர் யார் இதையெல்லாம் சொல்ல, நாளைக்கு செல்வத்துக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கத்த வாயெடுத்தேன். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம வாசிக்கலாமா மாஸ்டர்?" என்று கேட்டார் செல்வம்.

டாக்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. செல்வத்தோடு மூன்று நாள் தனியாக உட்கார்ந்து பேசினார். பிறகு சரி என்றார். தேவகிக்குச் சொல்லி அனுப்பினோம். வரமாட்டேன் என்று பதில் வந்தது.

வார்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் சிமெண்டு முற்றம் இருந்தது. அந்தப் புதன்கிழமை ஏழு பேர் பக்கெட்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் தங்கக் கயிறு வைத்த வெள்ளைச் சட்டையில், பெரிய டிரம்மோடு வந்திருந்தார். இழுப்பறையைத் திறந்து குச்சியை அவர் கையில் கொடுத்தவர் ஏகாம்பரம். ஆரம்பிக்கப்போகிற நேரத்தில் தேவகி வந்தார். வேலைக்குப் போகிற சீருடைப் புடவையோடு, கையில் ஒரு துணிப்பையோடு கதவருகே நின்றார். தம்பியைப் பார்க்கவில்லை. மாஸ்டர் அவரைக் கூப்பிடவும் இல்லை. திரும்பி நின்று டிரம்மைத் தட்டினார், நடக்க ஆரம்பித்தார்கள். பெட்டி இல்லை, பூ இல்லை, எட்டுப் பேரும் ஒரு மெதுவான அடியும்தான். முற்றத்தைப் பாதி சுற்றியபோது தேவகி பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். மாஸ்டர் கழுத்தைத் திருப்பி தேவகியின் கால்களையே பார்த்து அடித்தார். அவர் தயங்கினால் அடி தயங்கியது. வேப்பமரத்துப் பக்கம் அவர் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பேண்டு நின்றது. நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபின், நாலு விட்டு மாஸ்டர் எடுத்தார்.

முடிந்ததும் தேவகி துணிப்பையைத் தம்பிக்கென்று ஏகாம்பரத்திடம் கொடுத்தார். உள்ளே இரண்டு லுங்கியும் ஒரு முழுக்கைச் சட்டையும் இருந்தன. போகும்போது மாஸ்டரிடம் கேட்டார்: "அண்ணே, கோர்ட்டு எப்போ?"

நீதிமன்றத்துக்கான அறிக்கையை நான் நாலு முறை எழுதிக் கிழித்தேன். "பதிலில் தாமதம்" என்று எழுதினால் நோய் என்பார்கள். கடைசியில் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதினேன்: கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருந்தால் இவர் பதில் சொல்வார். டாக்டரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் அன்றைக்கு ஏகப்பட்ட வழக்குகள். அறிக்கையின் அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. செல்வம் முழுக்கைச் சட்டையோடு கூண்டில் நின்றார். பக்கத்தில் காவலுக்கு ஏகாம்பரம். மாஸ்டரும் நானும் தேவகியும் கடைசி பெஞ்சில்.

"உங்க பேரு என்ன?" என்றார் நீதிபதி.

ஒன்று, இரண்டு. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "இதேதான் போன தடவையும்..." என்று ஆரம்பித்தார். நீதிமன்ற எழுத்தர் குரலை உயர்த்தி, "உங்க பேரைத்தானே கேக்கறாங்க..." என்றார். என் பக்கத்தில், முழங்காலில் எண்ணிக்கொண்டிருந்த மாஸ்டரின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, கோர்ட்டே அதிரும்படி சொன்னார்: "ஐயா, மன்னிக்கணும்யா! நாலு எண்ணணும்யா!"

ஒரு கான்ஸ்டபிள் நீதிமன்றத்தில் இப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. எழுத்தர் வாயைத் திறந்தபடியே நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி ஏகாம்பரத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்த அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

செல்வம் தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். இது எந்த ஊர், என்ன வழக்கு, தான் எதற்காக இங்கே நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீதிபதி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு காத்திருந்தார்.

வழக்கு அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. நோயின் பிடியில் செய்தது என்று தீர்ப்பானது. சொந்தக்காரர் யாராவது பொறுப்பேற்றால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். தேவகி கையெழுத்துப் போட்டார். செல்வம் இன்றைக்கும் திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், மாதாமாதம் ஊசி போட வருகிறார். எல்லோருக்கும் இப்படி ஆகிவிடவில்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் வார்டிலேயே இறந்தார்கள். அவர்களைக் கேட்டு யாரும் வரவில்லை, மாஸ்டர்தான் செட்டோடு வந்தார். தாளமே இல்லை என்று சொன்ன வியாசர்பாடிக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். எல்லோருக்கும் வழி கிடைக்காதது மாஸ்டருக்குக் கடைசிவரை மனக்குறைதான். முட்டி வலி வந்து பஸ் ஏற முடியாமல் போகும்வரை அவர் புதன்கிழமைகளை நிறுத்தவில்லை.

அடக்கத்தன்று அவருடைய செட்டே அவருக்கு வாசித்தது. செல்வம், ஏகாம்பரம், நான் மூவரும் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தோம். மார்க்கெட் முனையில் தோள் மாற்ற நின்றார்கள். கிளாரினெட் குரல் கொடுத்தது. எங்கள் மூன்று பேர் உதடுகளும் அசைந்தன. புதிதாக டிரம் எடுத்தவர் பதற்றத்தில் மூன்றிலேயே அடித்துவிட்டார். "ஒண்ணு கொறையுதே" என்று முணுமுணுத்தார் ஓய்வுபெற்ற கான்ஸ்டபிள். மாஸ்டர் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

அவருடைய டிரம்மை மகன் வைத்திருக்கிறார், சட்டையை அவரோடே அனுப்பிவிட்டார்கள். என் பங்குக்கு அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நாலு அடிகளை. பேரனிடம், மருந்துக்கடையில், யாரைக் கேள்வி கேட்டாலும் இப்போது உள்ளே எண்ணுகிறேன். பாதி நேரம் தோற்றுப்போகிறேன், பழைய ஆள்தானே நான்.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை. "வர்றீங்களா மேடம்?" என்று செல்வம் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வேறு யாராக இருந்தாலும் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்தியிருப்பார்கள். செல்வம் மறுபடி கேட்கவில்லை. லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. அவர் காத்திருந்தார். கனம் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"வரேன் செல்வம்."